புகை அடங்கிய கரி

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கரண்ட் போனது. அந்த நேரத்தில் நான் ஓவன் கண்ணாடி வழியாக ரவை கேக்கையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. உள்ளே எரிந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. கூடத்து மின்விசிறி நின்றது. சமையலறைச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் சின்ன விசிறியும் நின்றது. அது நின்றதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் இரைச்சல் போனதும் வீடு அமைதியாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டில் நானும் மகளும் மட்டும். மனைவி கடற்கரை ஊரான சி ரூசாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள்; பகலிலேயே காடியை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீடு போர்டிக்சன் நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தின் விளிம்பில் இருக்கிறது. பழைய தோட்டத்து வீடுதான். முன்பக்கம் கல் வைத்துக் கட்டியாயிற்று. சமையலறைக்கும் மகளின் அறைக்கும் நடுவில் மட்டும் அந்தக் காலத்துப் பலகைத் தடுப்பு அப்படியே நிற்கிறது. அது கூரை வரை எட்டாது. மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி. நான் தாளிக்கிறபோதெல்லாம் அந்தப் பக்கமிருந்து அவள் தும்முவாள்.

மகளுக்குப் பதினேழு வயது. அந்த வருடம் ஐந்தாம் படிவம்; பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். தேர்வு எழுத இருந்தாள். சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு உண்டு. விசில் அடிப்பதுபோல மூச்சு விட்டுக்கொண்டு என் தோளில் உட்கார்ந்தபடியே தூங்கிய குழந்தை அவள். அது போய் வெகுகாலமாகிறது. என் பயம் போகவில்லை. கடல் தாண்டி எங்கோ காடு எரிந்து இங்கே புகைமூட்டம் வந்துவிட்டால், எனக்கு வேறு வேலை ஓடாது. அந்த முறை புகை நாள்கணக்கில் நின்றது. செம்பனை மரங்கள் பத்தடி தள்ளியே மங்கலாகத் தெரிந்தன. சூரியன் பழைய பித்தளைத் தட்டுபோல இருந்தது. நான் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழுப்பு டேப் ஒட்டினேன். கதவடியில் ஈரத்துண்டு சுருட்டி வைத்தேன்.

“பிள்ளைய ஊறுகா போடப் போறீங்களா? இப்படி மூடி வச்சிருக்கீங்க” என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பும்போது.

“புகை உள்ள வரக்கூடாதுல்ல.”

“புகை வராது. நீங்க நாளெல்லாம் ஓவன் முன்னாடி நிக்கிற சூடுதான் வரும்.”

ஓவன் என்னுடைய பைத்தியம். மனைவிக்கு எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று கிளினிக்கில் சொன்ன பிறகு வாங்கியது. மேசைமேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன். முதலில் முறுக்கைச் சுட்டுப் பார்த்தேன். சுட்ட முறுக்கு இல்லை, காயவைத்த முறுக்கு என்று மகள் பெயர் வைத்தாள். மசால் வடை தேவலாம். தயிரில் ஊறிய காலிஃபிளவர் மிக நன்றாக வந்தது. ஓரம் கருகி, நடுவில் மிருதுவாக. பிறகு ரவை கேக். அதில் மெனக்கெடவே வேண்டாம். ரவை, தயிர், சர்க்கரை, உருக்கிய நெய் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலந்து அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். ரவை ஊறி மாவு இறுகும். கடைசியில் ஏலக்காயும் ஆப்பச்சோடாவும். சோடா போட்டபின் நிற்கக்கூடாது, உடனே சூட்டுக்குள் போய்விட வேண்டும். முட்டை கிடையாது என்பதால் புரட்டாசிக்கும் பொருந்தும். அன்று மாலை தோட்டத்துக் கோயிலில் பஜனை. பிள்ளைகளுக்குக் கேக்கும் காலிஃபிளவரும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன்.

“பெருமாளுக்குக் கேக்கா?” என்று பக்கத்து வீட்டு அக்கா முதல்நாளே வேலிக்கு அந்தப்புறமிருந்து கேட்டுவிட்டார்.

“பெருமாளுக்கு இல்லக்கா, பஜனைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு.”

“ஒரு துளசிய மேல போட்டுக் கொண்டாங்க தம்பி. அவரே கை நீட்டுவாரு.”

கரண்ட் போனபோது கேக் உள்ளே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஓரம் பிடித்திருந்தது, நடுவில் விரல் வைத்தால் ஆடியது. இந்தக் கட்டத்தில் சூடு நின்றால் நடு அமுங்கிவிடும். அமுங்கினது திரும்ப எழாது. வெளியே எட்டிப் பார்த்து அக்காவைக் கேட்டேன். அங்கேயும் இல்லை. மனைவிக்குப் போன் போட்டேன்.

“போனா போவுது. களியாக் கிண்டிப் பிள்ளைங்களுக்குக் குடுங்க” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

தடுப்புக்கு அப்பாலிருந்து மகளின் குரல் வந்தது. “அப்பா, கேக் போச்சா?”

“போகாது. நீ படி.”

“வாசம் வேற வருது. நான் விரதம்னு உங்க ஓவனுக்குத் தெரியாதா?”

அவள் அன்று காலையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

எங்கள் அம்மா தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தின் கொல்லையில் கேக் சுடுவார். மின்சாரமும் கிடையாது, ஓவனும் கிடையாது. அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, கேக் தகரத்தை அதில் இறக்கி, மூடிமேல் தணலைக் கொட்டுவார். கீழே நெருப்பு, மேலே நெருப்பு. தீபாவளிக்கு லயம் முழுக்க அப்படித்தான் சுட்டார்கள். எனக்கு அது அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்தது. வந்தபோது பெருமையாகவும் இருந்தது. அது கூரையில்லாத கொல்லை என்பது மட்டும் ஞாபகத்தில் வரவில்லை.

வீட்டில் ஒரு பை அடுப்புக்கரி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட வைத்திருப்பது. மிச்சச் சூடு போகாமல் ஓவன் கதவை மூடியே விட்டுவிட்டு, பின்வாசலுக்கு வெளியே போய் இரும்புச் சட்டியில் பற்றவைத்தேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, புகை முற்றிலும் அடங்கும் வரை பொறுமையாக விசிறினேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் அவசரப்படவில்லை. ஒரு இழை புகைகூட எழாமல், கரி மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்து கிடக்கும் வரை காத்திருந்தேன். ஊரே புகைக்குப் பயந்து முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த நாட்கள் அவை. புகை இல்லை என்றால் கெடுதல் இல்லை. என் தலையில் அவ்வளவுதான் இருந்தது. வாரம் தவறாமல் விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீடுகளில் தணலை உள்ளே எடுத்து வந்து மூலைக்கு மூலை காட்டுகிறோம். யாருக்கு அதில் சந்தேகம் வரும்?

இரண்டு தட்டுத் தணல் எடுத்து வந்தேன். ஓவனுக்குள் கீழே ஒன்று, மேல் கம்பித்தட்டில் ஒன்று, நடுவில் கேக். கதவை முக்கால்வாசி மூடினேன். பின்வாசலை உடனே சாத்தி, ஈரத்துண்டைத் திரும்ப ஒழுங்காக வைத்தேன்.

கேக் எழுந்தது. கண்ணாடி வழியாக அதன் மேற்பரப்பு மெல்லப் பொன்னிறமாவதைப் பார்த்தபோது நான் சத்தமாகவே சிரித்தேன். வெந்து முடிந்ததும் அதை இறக்கிவிட்டுக் காலிஃபிளவரை வைத்தேன். கரித்தணலில் வேகிற காலிஃபிளவர்! கடையில் தந்தூரி என்று கொடுக்கிறார்களே, அதே வாசனை. தணல் தணியத் தணிய வெளியே போய்ப் புதிதாகப் பற்றவைத்து, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவந்து மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றேன். அதைக் கெட்ட காற்று என்று நினைத்தேன். அந்தக் கெட்ட காற்றுதான் என்னை நிற்கவைத்திருக்கிறது. மகள் வெளியே வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

ஐந்தரை வாக்கில் அவள் குரல் மறுபடி வந்தது.

“அப்பா, தலை வலிக்குது.”

“விரதம்ல. கொஞ்சம் படு.”

“எழுத்தெல்லாம் ஓடுது.”

“இருட்டுல படிச்சா ஓடாதா? மூடி வச்சிட்டுப் படு.”

எனக்கும் நெற்றிப்பொட்டில் விண்விண் என்றது. மனைவி இடையில் போன் செய்தபோது சொன்னேன்.

“காலையிலேர்ந்து வெறும் வயிறு, அதுல நெருப்புக்கு முன்னாடி நிக்கிறீங்க. வலிக்காம என்ன செய்யும்? ஒரு டீ குடிங்க.”

“விரதம்.”

“டீக்கெல்லாம் பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. குடிங்க.”

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டுதுண்டாகத்தான் இருக்கின்றன. இரண்டாவது தட்டுக் காலிஃபிளவருக்கு உப்புப் போட்டேன். போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டேன். மிளகாய்த்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடினேன். கால்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. பயம் மட்டும் வரவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் நெஞ்சு படபடக்கிற எனக்கு அந்த ஒரு மணி நேரம் எந்தக் கவலையும் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட நடுங்கவைக்கிறது.

கேக்கில் ஒரு துண்டை வெட்டி, அது எப்படி வந்திருக்கிறது என்று காட்ட மகளின் அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். புத்தகம் தரையில் கிடந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கன்னம் சிவந்து, நெற்றி வேர்த்திருந்தது. காற்றில்லாமல் புழுங்குகிறது என்று நினைத்தேன். களைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லை. தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்து வைத்தேன். கால்மேல் போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு, வெளியே போகிறபோது கதவைச் சத்தமில்லாமல் இறுகச் சாத்திவிட்டு வந்தேன்.

எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் அந்தக் கதவு சாத்துகிற ஓசை இப்போதும் எனக்குக் கேட்கிறது. ஓசையே வராமல்தான் சாத்தினேன் என்றாலும்.

பஜனைக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா தட்டுகளை எடுத்துப்போக வந்தார். வாசலில் அவர் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அக்கா உள்ளே வந்தபோது நான் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேனாம். எனக்கு அது ஞாபகமில்லை.

“தம்பி! ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? என்ன இது அடுப்பு மாதிரி சூடு!” என்று அவர் கத்தியது மட்டும் தூரத்தில் கேட்டது.

என்னைக் கையைப் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். படியில் உட்காரவைத்ததும் வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்தபின் கண் கொஞ்சம் தெளிந்தது. கரண்ட் இன்னும் வரவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலிலிருந்து நேராகப் பார்த்தால் வீட்டின் அந்தக் கோடியில் சமையலறை தெரியும். அங்கே இருட்டுக்குள் ஓவன் கண்ணாடி மட்டும் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வாசனையும் நிறமும் இல்லாத ஒரு விஷவாயு வரும் என்று ஐந்தாம் படிவத்தில் படித்ததும், அதன் பெயரைச் சொல்லித்தந்த டீச்சரின் குரலும் அப்போதுதான் எழுந்து வந்தன.

“பாப்பா உள்ள இருக்கு” என்றேன். வாய் குழறியது. அக்காவுக்குப் புரியவில்லை. “பாப்பா! பாப்பா!” என்று அறையைக் காட்டினேன்.

அக்காவின் வீட்டுக்காரர் மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நான் எழுந்து இரண்டடி வைத்து விழுந்தேன். அவர் அவளை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவள் கை ஊஞ்சல் கயிறுபோல ஆடிக்கொண்டு வந்தது. வாசல் சிமெண்டில் கிடத்தினார். மூச்சு இருந்தது. ஆனால் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

“விரத மயக்கம்தான்” என்றார் அக்கா. “சீனித் தண்ணி குடுத்தா எழுந்திரும்.”

“வாயில எதுவும் ஊத்தாதே!” என்று நான் அலறினேன். அக்காவிடம் நான் அப்படி ஒருமையில் பேசியதே இல்லை. அவர் கையில் எடுத்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மகளின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, “கண்ணு, கண்ணு” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்சுக்குச் சொன்னோம். எங்கள் இடத்துக்கு வழி சொல்வது கஷ்டம். பெரிய சாலையிலிருந்து பிரிகிற செம்மண் பாதைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். புகைமூட்டத்தில் பலகைகளும் தெரியாது. அக்காவின் வீட்டுக்காரர் மோட்டாரில் சந்திப்பில் போய் நின்று கூட்டிவருகிறேன் என்று கிளம்பினார். அவருடைய பின்விளக்கு சில கெஜத்திலேயே புகைக்குள் மறைந்துவிட்டது. கோயிலில் மைக் வேலை செய்யாததால் வெறும் குரலில் பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டு நெருங்குவதுபோலவும் விலகுவதுபோலவும் இருந்தது. நான் மகளின் மூக்கருகில் புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளை வெளிக்காற்றில் விடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மூடியவன், இந்தக் காற்றை இழுத்துக்கொள்ளம்மா, இழுத்துக்கொள் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்சில் வந்தவர் மலாய்க்காரர், நடுத்தர வயது. முகமூடியை அவள் முகத்தில் பொருத்தி ஆக்சிஜனைத் திறந்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார். என்ன எரிந்தது என்று மலாயில் கேட்டார். அராங், அடுப்புக்கரி என்றேன். எங்கே என்றார். ஓவனுக்குள்ளே என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனோ, மகளுக்கு வேண்டுமென்றே ஏதாவது செய்தேனோ என்று அவர் ஒரு கணம் நினைத்ததை என்னால் பார்க்க முடிந்தது.

“பஹுலுவா சுட்டீர்கள்?” என்று கேட்டார்.

“கேக்” என்றேன்.

அவர் தலையசைத்தார். அவர்கள் வீட்டிலும் யாரோ கொல்லையில் தணல் வைத்து பஹுலு என்கிற மலாய்க் குட்டிக் கேக்கைச் சுட்டிருக்க வேண்டும். பிறகு எனக்கும் ஒரு முகமூடி மாட்டிவிட்டார்.

மகள் ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது மனைவி வந்து சேர்ந்திருந்தாள். ஹோட்டல் சீருடையோடு, பெயர் அட்டையைக்கூடக் கழற்றாமல், மகளின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

“கரண்ட் வந்திருச்சாப்பா?” என்றாள் மகள்.

அழுதுகொண்டே சிரித்தேன். “வந்திருச்சும்மா.”

மனைவியும் சிரித்தாள். நர்ஸ்கூடச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மகள் சுற்றிலும் பார்த்துவிட்டு, அதே குரலில், “கரண்ட் வந்திருச்சாப்பா?” என்றாள். வந்திருச்சு என்றேன். நர்ஸ் அவளுடைய முகமூடியைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவள் மூன்றாவது தடவை கேட்டபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். பள்ளிக்குப் போகிறாள், தம்பி இல்லாத குறைக்கு என்னோடு சண்டை போடுகிறாள், தூங்குகிறாள். டேப்பையெல்லாம் கிழித்து எறிந்துவிட்டேன். ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. நேற்று குளியலறைக்குப் போனவள் பாதி வழியில் நின்று, எதற்கு வந்தேன் என்று யோசித்தாள். யாருக்கும் நடப்பதுதான். நான் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவள் மறுபடி நடக்கத் தொடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறேன் என்று தெரிந்தால் அவளுக்குக் கோபம் வருகிறது. அதனால் பார்க்காததுபோலப் பார்க்கப் பழகிவருகிறேன்.

அப்படிப் பார்க்கச் சொன்னவர், ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில் கடைசியாக வந்த நரம்பு டாக்டர். தமிழ்ப் பெண், சின்ன வயது. மகளை விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், வாரத்தின் நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூட்டிவந்து, கதவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அங்கிள், இப்போ நல்லா இருக்கா. ஆனா இது சில பேருக்கு நல்லாகி, வீட்டுக்குப் போயி, சில வாரம் கழிச்சுத் திரும்ப வரும். மறதி, நடை மாறுறது, காரணமில்லாம அழுறது, இப்படி எது வேணும்னாலும். வரலாம், வராமலும் போகலாம், என்னால உறுதியா சொல்ல முடியாது. நீங்க பாத்துக்கிட்டே இருங்க. ஏதாச்சும் தெரிஞ்சா, களைப்பா இருக்கும்னு மட்டும் தூங்க விட்டுறாதீங்க.”